மூன்று முறை உரக்கச் சொல்லவும்

போன தடவை விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தபோது மையத்தின் வேலி விழுந்துவிட்டது. நாற்பது வேலைக்குத் தொள்ளாயிரம் பேர் வந்து சாய்ந்தால் எந்த வேலிதான் நிற்கும். பரீட்சை வைத்து நாற்பது பேரைப் பொறுக்கினார்கள். பரீட்சையில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். வீடு வீடாக அனுப்பியபோதுதான் தெரிந்தது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வாசலில் போய் நின்று பேசத் தெரியாது என்று. ஒருவன் துக்க வீட்டுக்குள் போய், "இந்த வீட்ல இப்ப மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டான். அவர்கள் எண்ணிப் பார்த்து அழுதார்கள். அப்புறம் எண்ணாமல் அடித்தார்கள். இன்னொருத்தி நாய்க்குப் பயந்து ஒரு கிராமம் முழுவதையும் ஆற்றின் அக்கரையில் உட்கார்ந்தே எழுதி முடித்தாள்.

அதனால் இந்த வருஷம் மடாங் என்னும் துறைமுக ஊரில் இருக்கும் அந்த இல்லநிலை ஆய்வு மையம் புது வழி கண்டுபிடித்தது. பழைய பேட்டியாளர்கள் ஆளுக்கு ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். விளம்பரம் கிடையாது, வேலி பத்திரம்.

இயக்குநர் ஹோசியா டாம்பிங் மரத்தடியில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். மேலே பழந்தின்னி வௌவால்கள் கத்திக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"நல்ல பேட்டியாளர் யாருன்னு நல்ல பேட்டியாளருக்குத்தான் தெரியும். அதனால உங்களை நம்புறோம். ஆனா உங்களை நம்ப முடியாது. நீங்க எல்லாரும் சொந்தக்காரனைக் கூட்டிட்டு வருவீங்க. இந்த மையத்துல சொந்தக்காரனுக்கு வேலை குடுக்குறாங்கன்னு வெளியில ஒருத்தன் பேசக் கூடாது. பேசவே கூடாது! அதுக்கு என்ன செய்யணுமோ அதை நான் செஞ்சிருக்கேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். காஸ்மிர் டகுனும் தட்டினான். வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷமாகப் படிவம் சுமக்கிறவன். எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கை தட்டிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிப்பான்.

பரிந்துரைப் படிவம் இரண்டு பக்கம். பரிந்துரைக்கப்படுபவரை உங்களுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் உங்கள் உறவினராகவோ, உங்கள் ஊர்க்காரராகவோ, உங்கள் மொழி பேசுபவராகவோ, உங்கள் தேவாலயத்துக்கு வருபவராகவோ இருக்கக் கூடாது. அவருடைய குணநலனை நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும். எப்படி அறிந்தீர்கள் என்று விளக்கவும்.

ஒரு வாரமாகியும் ஒரு படிவம்கூடத் திரும்பி வரவில்லை. காஸ்மிர்தான் துணிந்து பதிவு அலுவலர் மிஸ் யானமிடம் போய்க் கேட்டான்.

"மிஸ், சொந்தமும் இல்லாம, ஊரும் இல்லாம, கோயிலும் இல்லாம, ஒரு ஆளை நெருக்கமா எப்படித் தெரியும்?"

"அதைத்தான் அங்க விளக்கச் சொல்லி இடம் விட்டிருக்கு."

"ஜெயில்ல பழகியிருந்தா ஒத்துக்குவீங்களா?"

"அதுக்கு வேற படிவம்."

பத்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. ஊர், மொழி, தேவாலயம் மூன்றும் தளர்த்தப்பட்டன. இரத்த உறவு மட்டும் கூடாது. அதைப் படித்ததும் காஸ்மிருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் மனதில் முதல் நாளிலிருந்தே இருந்தது ஒரே ஆள்தான். அவன் மனைவி லூசியாவின் அக்கா. மனைவி வழி உறவு, இரத்தமில்லை. யாருக்கென்று சொல்லாமல் கேட்டான். மிஸ் யானம் விதியை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "கல்யாண வழியைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

அந்த அக்காவை இங்கே தெக்லாவின் அம்மா என்றுதான் சொல்ல முடியும். பெயரைக் காஸ்மிர் சொல்ல மாட்டான், அதனால் நானும் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கம் மனைவிக்கு மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. அவர்கள் எதிரே வந்தால் கட்டியவன் பாதையை விட்டு இறங்கி நிற்பான். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். அவர்களும் அப்படித்தான், இவன் பெயரைச் சொல்லாமல், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுவார்கள். இதில் பகை ஒன்றும் இல்லை. மரியாதையே அதுதான். தவறி ஒருநாள் பெயர் வாயில் வந்துவிட்டால் கோழியும் பாக்குக் குலையும் எடுத்துக்கொண்டு போய், தலையைக் குனிந்து நின்று, தப்பைக் கழுவிவிட்டு வர வேண்டும்.

இரண்டு பேரும் பழைய கணக்கெடுப்பு ஒன்றில் ஐந்து வருஷம் ஒரே குழுவில் வேலை பார்த்தவர்கள். ஒரே படகில் போவார்கள். இவன் முன்னால், அவள் பின்னால். "அந்தப் பதினாலாம் நம்பர் வீட்டுப் படிவம் வேணும்னு சொல்லு" என்று காஸ்மிர் படகோட்டியிடம் சொல்வான். "அது நனைஞ்சு போச்சு, காயப் போட்டிருக்கேன்னு சொல்லு" என்று அவளும் படகோட்டியிடமே சொல்வாள். படகோட்டி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்பான்.

ஆனால் வேலையில் அவளைப் போல ஒருத்தியைக் காஸ்மிர் பார்த்ததில்லை. ஆற்றுக்கு மேலே ஒரு ஊரில் ஒரு பெண் தனக்கு நாலு பிள்ளை என்றாள். இறந்தது ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று முன்பே இரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள். தெக்லாவின் அம்மா படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவினாள். அரை மணி நேரம் கிழங்கைப் பற்றியே பேச்சு. அப்புறம் உத்திரத்தில் தொட்டில் மாதிரி மாட்டியிருந்த சின்னப் பின்னல் பையைக் காட்டி, "நல்லாப் பின்னியிருக்கே, இதுல யாரு தூங்கினா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சீவுவதை நிறுத்தினாள். மழைக்காலத்தில் பதினேழு நாள் இருந்த குழந்தை. அதற்குப் பெயரும் வைத்திருந்தார்களாம். யாரும் கேட்டதில்லையாம். தெக்லாவின் அம்மா அவள் முன்னால் எதையும் எழுதவில்லை. கிழங்கு வெந்த பிறகு, வெளியே வாழை மறைவில் உட்கார்ந்து அந்த ஒரு கட்டத்தை நிரப்பினாள். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காஸ்மிர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கணக்கெடுப்பு முடிந்ததும் அவள் பேருந்து நிறுத்தத்தில் அவித்த வாழைக்காய் விற்கப் போய்விட்டாள். ஏழு வருஷமாக அதுதான். மையத்தில் சேர வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த மாதத்தோடு அவள் அதைத் தாண்டிவிடுவாள். இந்தத் தடவை விட்டால் வாழைக்காய்தான்.

படிவத்தில் பெயர் எழுதும் இடத்தைக் காஸ்மிர் லூசியாவை விட்டு எழுத வைத்தான். எல்லாம் சரியாகப் போயிற்று என்று நினைத்தான்.

அப்போதுதான் மூன்றாவது சுற்றறிக்கை வந்தது. பரிந்துரைகளில் மறைமுக உறவு ஒளிந்திருப்பதாக மையத்துக்குச் சந்தேகம். எனவே குரல் சரிபார்ப்பு நடத்தப்படும். பரிந்துரைப்பவர் இயக்குநர் முன்னிலையில், பரிந்துரைக்கப்படுபவரின் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். பரிந்துரைக்கப்படுபவர் சன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, தன் பெயர் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் தயங்கினால் உறவு என்று பொருள். எந்த வழி உறவானாலும் தகுதியில்லை.

இந்த யோசனை ஹோசியா டாம்பிங்குடையது. அவரும் இந்தக் கடற்கரைக்காரர்தானே. எங்கே தயங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

லூசியா அந்தத் தாளை அடுப்பங்கரையில் வைத்துப் படித்தாள். அரிசிப் பானை பொங்கி வழிந்தது, இறக்கவில்லை.

"மூணு தடவையா?"

"மூணு தடவை."

"அக்காவைச் சன்னலுக்கு வெளியில வச்சுக்கிட்டு?"

"எழுந்து எழுந்து நிக்கணுமாம்."

"யாருய்யா இதெல்லாம் உக்காந்து யோசிக்கிறது? சோறு தின்கிறானா வேற எதையாவது தின்கிறானா?"

"வேணாம்னு சொல்லிடவா லூசியா? படிவத்தைத் திருப்பி வாங்கிடுறேன்."

அவள் பானையை இறக்கி வைத்தாள். முந்தின நாள்தான் அக்கா அவளிடம் வந்து, பழைய வெயில் தொப்பி இருக்கிறதா, ஊர் ஊராகப் போக வேண்டியிருக்குமே என்று கேட்டிருந்தாள்.

"அவ தொப்பி கேட்டுட்டுப் போயிட்டாய்யா" என்றாள் லூசியா. "சொல்லிடு. சொல்லிட்டுக் கோழி எடுத்துட்டுப் போவோம். நம்ம அக்காதானே, புரிஞ்சுக்குவா."

சரிபார்ப்பு நாளன்று மேசையில் ஒரு பால்மாவு டப்பா, அதன் மேல் பதிவு செய்யும் கைப்பேசி. மிஸ் யானம் கையில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயக் கடிகாரம்.

முதலில் ஓட்மார் போனான். அவன் பரிந்துரைத்தது துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஒரு ஆள், வேறு தீவு, வேறு மொழி, ஒரு ஒட்டும் இல்லை. ஆனால் ஓட்மார் பதற்றத்தில் வாய் நிறையப் பாக்கு போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அலுவலகத்தில் துப்பக் கூடாது. விழுங்கினான், புரையேறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. பதினோரு வினாடி. "மிக நெருங்கிய உறவு. உணர்ச்சிவசப்பட்டார்" என்று எழுதப்பட்டது.

"சார், அது சுண்ணாம்பு சார்!" என்றான் ஓட்மார்.

"கடிகாரத்துக்குச் சுண்ணாம்பு தெரியாது" என்றார் இயக்குநர்.

அடுத்து இயக்குநரே எழுந்து நின்றார். விதி எல்லாருக்கும் ஒன்று என்றார். தான் பரிந்துரைக்கும் இளைஞரின் பெயரை மூன்று முறை, மணி அடிப்பது போலச் சொன்னார். கால் வினாடிகூடத் தயக்கமில்லை. வெளியே ஒரு பையன் எழுந்து நின்றான். அதே மூக்கு, அதே நெற்றி. கையில் இயக்குநரின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம். தங்கை மகன்.

"முன்பின் அறியாதவர்" என்று மிஸ் யானம் எழுதினாள்.

"பாத்தீங்களா, மனசுல கள்ளமில்லாதவன் தயங்க மாட்டான்" என்றார் இயக்குநர், உட்கார்ந்துகொண்டே. "வெட்கம் எங்க வருது? சொந்தம் இருக்கிற எடத்துல வருது. வெட்கம் இல்லைன்னா சொந்தம் இல்லை. ஆக, வெட்கமே இல்லாத ஆளுங்களை வச்சுத்தான் நேர்மையான மையத்தை நடத்த முடியும். இதை நான் தலைநகரத்துக்கு அறிக்கையா எழுதி அனுப்பியிருக்கேன்."

அடுத்தது காஸ்மிர்.

சன்னல் வழியாகப் பெஞ்சு தெரிந்தது. தெக்லாவின் அம்மா கோயிலுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டு வந்திருந்தாள். வழக்கம்போல முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள், இவனுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று.

"இந்தப் பெண் உனக்கு என்ன முறை?" என்று கேட்டார் இயக்குநர்.

உண்மையைச் சொன்னால் அங்கேயே முடிந்தது. "ஒண்ணும் இல்லை சார்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"முன்னாடி ஒரு கணக்கெடுப்புல இருந்தாங்க... இருந்தா. இப்ப பஸ் நிக்கிற எடத்துல வாழைக்காய் விக்கிற பொம்பளை. பாத்திருக்கேன். அவ்வளவுதான்."

சன்னலுக்கு மரச்சட்டம் மட்டும்தான், கண்ணாடி கிடையாது.

"பேரைச் சொல்லு."

கடிகாரம் அழுந்தும் சத்தம் கேட்டது. காஸ்மிர் பத்தொன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான வீட்டுப் பட்டியலை உரக்கப் படித்திருக்கிறான். அந்த மாதிரி ஒரு பட்டியலை மனதில் விரித்தான். வரிசை எண் பதினாலு. பெண். வயது நாற்பத்தைந்து. படித்தான்.

பெயர் வெளியே வந்துவிட்டது. ஒன்றரை வினாடி. வெளியே அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

"இன்னும் இயல்பா."

இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

"முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே? சிரிச்ச மாதிரி சொல்லு. தெரியாதவங்க பேரைச் சொல்ல என்ன கஷ்டம்?"

மூன்றாவது தடவை காஸ்மிர் சிரித்த மாதிரி சொன்னான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, சந்தையில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பெஞ்சில் இருந்த இயக்குநரின் தங்கை மகன் அதைக் கேட்டுக் களுக்கென்று சிரித்தான்.

அவள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"முன்பின் அறியாதவர்" என்று மிஸ் யானம் எழுதினாள். இயக்குநர் எழுந்து வந்து காஸ்மிரின் கையைக் குலுக்கினார். "உன்னை மாதிரி பத்து பேர் இருந்தா போதும்" என்றார். காஸ்மிர் அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். பெஞ்சு காலியாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் தேர்வு நடந்தது. மாதிரி வீடு, மாதிரிக் குடும்பம், மாதிரிப் பொய்கள். தெக்லாவின் அம்மா முதலிடம். மாதிரிக் குடும்பத் தலைவராக நடித்த கணக்குப் பிரிவு ஆள், தன் சொந்த வீட்டுச் சங்கதியெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டு அழுதாராம். இயக்குநரின் தங்கை மகன் இரண்டாமிடம். அவன் ஒரே காலையில் முப்பத்தெட்டு மாதிரி வீடுகளை முடித்திருந்தான். எல்லா வீட்டிலும் நாலே கால் பிள்ளைகள். வேகத்துக்காகத் தனியாக ஒரு பாராட்டு.

வேலை உத்தரவு வந்த மறுநாள் காஸ்மிர் நல்ல சேவல் ஒன்றும் பாக்குக் குலையும் எடுத்துக்கொண்டு லூசியாவோடு அக்கா வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் சேவல் அவன் கையைக் கொத்திக்கொண்டே வந்தது. தள்ளிப் பிடிக்கவில்லை. லூசியா உள்ளே போனாள். காஸ்மிர் வாசலிலிருந்து எட்ட, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உள்ளே அக்கா தங்கை பேச்சு, ஒரு தடவை லூசியாவின் சிரிப்புகூடக் கேட்டது. கொஞ்சம் தைரியம் வந்தது.

தெக்லா வெளியே வந்தாள். பதினேழு வயசுப் பெண். சித்தப்பா என்று ஓடி வருகிறவள், படியிலேயே நின்றுகொண்டாள்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. பேரைச் சொன்னதுக்குன்னா கோழியை வாங்கிக்குவாங்களாம். அது வாய் செஞ்ச தப்பு, எனக்காகத்தான் சொன்னாரு, தெரியும்னாங்க."

"அப்ப வாங்கிக்கம்மா."

"ஆனா ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களாமே, பாத்திருக்கேன், அவ்வளவுதான்னு. அதுக்கு எந்தக் கோழின்னு தெரியலையாம். தெரியாதவங்ககிட்ட எதுவும் வாங்குற பழக்கம் இல்லையாம்."

"தெக்லா, நான் அப்படிச் சொல்லலைன்னா அம்மாவுக்கு வேலையே..."

"அதையும் அம்மா சொன்னாங்க. வேலை வாங்கிக் குடுத்ததுக்கு நன்றியாம். அதை மட்டும் மறக்காம சொல்லச் சொன்னாங்க."

சேவலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது ஊரே பார்த்தது. லூசியா வீட்டு வாசலுக்கு வந்ததும், "சிரிச்ச மாதிரி சொன்னியாமே" என்றாள். காஸ்மிர் சேவலை அவிழ்த்துவிட்டான்.

தெக்லாவின் அம்மா வேலையில் சேர்ந்தாள். லூசியாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். எந்த வீட்டிலும் அவளை யாரும் திண்டாட வைக்கவில்லை. மூன்றாவது வாரமே குழுத் தலைவி ஆக்கினார்கள், ஏனென்றால் அவள் கொண்டுவந்த படிவங்களில் மட்டும்தான் செத்தவர்களும் இருந்தார்கள். மற்றவர்கள் எழுதிய ஊர்களில் சாவே இல்லை. காஸ்மிர் அவள் குழுவில் போடப்பட்டான். வேறு குழு கேட்டு மனு கொடுத்தான். காரணம் என்ன என்று மிஸ் யானம் கேட்டாள். எழுதிக் கொடுக்கக் கூடிய காரணம் ஒன்றும் அவனிடம் இல்லை. உறவு என்று எழுதினால் தெக்லாவின் அம்மாவுக்கு வேலை போகும்.

புதுக் குழுவின் முதல் நாள் காலை படகுத் துறையில் வருகைப் பதிவு. இயக்குநர் பார்வையிட வந்திருந்தார். காஸ்மிர் பழக்கத்தில் ஓரமாக, பாதையை விட்டு இறங்கி, தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றுகொண்டான். நடுவில் இருந்து சொல்ல யாராவது வருவார்கள் என்று படகோட்டியைத் தேடினான். படகோட்டி இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தான்.

தெக்லாவின் அம்மா பட்டியலை விரித்தாள். ஓட்மார் பெயரைப் படித்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. லூசியாவுக்குக் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை. எந்த வீட்டு வாசலிலும் முதல் தடவையாக நிற்கும்போது எப்படிப் பார்ப்பாளோ, அந்தப் பார்வை.

"காஸ்மிர் டகுன்" என்றாள்.

தெளிவாக, உரக்க, ஒரு துளி தயக்கமில்லாமல்.

"அருமை" என்றார் இயக்குநர், பக்கத்தில் இருந்தவரிடம். "பாருங்க, எவ்வளவு சுத்தமா நடக்குது!"

அவள் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்திருக்கேன், மேடம்" என்றான் காஸ்மிர். அவள் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைப் படித்தாள்.